வீட்டை விற்றுவிட்டு ‘நல்ல பள்ளி’யின் எல்லைக்குப் போகலாமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறோம். எங்கள் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். படிப்பில் நல்ல ஆர்வம் உண்டு; பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறாள். எங்கள் வீடு இருக்கும் எல்லையின்படி அவள் சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளிக்கு இணையத்தில் 10க்கு 6 என்றுதான் மதிப்பீடு தந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சந்திக்கும் நண்பர்களும் “அந்தப் பள்ளி முன்போல் இல்லை” என்கிறார்கள். அவர்களில் பலர் பக்கத்து நகரான ஃபிரிஸ்கோவுக்கு மாறிவிட்டார்கள். அங்கே 9 மதிப்பீடு பெற்ற பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்க வேண்டுமானால், இந்த வீட்டை விற்ற பிறகும் கூடுதலாக 1,80,000 டாலர் கடன் வாங்க வேண்டும். 2021இல் 3 விழுக்காட்டுக்கும் குறைவான வட்டியில் கிடைத்த பழைய கடனையும் கைவிட வேண்டும். என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் மகளின் படிப்பு விஷயத்தில் கணக்குப் பார்க்கிறேனோ என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. தங்கள் ஆலோசனை தேவை. — ஒரு தந்தை, பிளேனோ

பதில்: அன்புடையீர்,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது உங்கள் கையில் இருக்கும் தகவல்களை மட்டும் நம்பி வீட்டை விற்க வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் வீட்டைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் துல்லியமான செய்திகள் இருக்கின்றன, ஆனால் பள்ளியைப் பற்றி 6 என்ற எண்ணும் “முன்போல் இல்லை” என்ற ஒரு பேச்சும் தவிர வேறெதுவும் இல்லை. அந்தப் பள்ளிக்குள் நீங்கள் ஒருமுறையேனும் சென்று பார்த்ததாக எழுதவில்லை. டெக்சஸ் பொதுப்பள்ளிகளில் பதினேழு ஆண்டுகள் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது உங்களிடம் மட்டும் காணப்படும் குறை அன்று. கத்தரிக்காயைக்கூடக் காம்பைப் பார்த்து வாங்கும் நம் மக்கள், பள்ளியை மட்டும் பார்க்காமலேயே வாங்குகிறார்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். வீட்டு விற்பனைத் தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் அருகில் தோன்றும் 1 முதல் 10 வரையிலான மதிப்பீட்டைத் தருவது, 1998இல் தொடங்கப்பட்ட கிரேட்ஸ்கூல்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. மாநிலத் தேர்வு முடிவுகள், மாணவர்களின் ஆண்டு முன்னேற்றம், கல்லூரிக்கான ஆயத்தம் ஆகியவற்றுள் கிடைப்பவற்றைத் திரட்டி அது அந்த எண்ணை உருவாக்குகிறது. இதில் தேர்வு முடிவுகளின் சராசரி என்ற கூறுதான் ஏமாற்றுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் தலைமையிலான குழு, நாடு முழுவதிலும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தேர்வு முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சராசரி மதிப்பெண்கள் அப்பகுதிக் குடும்பங்களின் பொருளாதார நிலையை ஏறத்தாழ அப்படியே பின்தொடர்வதையும், ஓர் ஆண்டில் மாணவர்கள் எவ்வளவு கற்றுக்கொள்கிறார்கள் என்ற வளர்ச்சி விகிதத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் அவ்வளவு நெருக்கமான தொடர்பு இல்லை என்பதையும் கண்டது. எனவே உயர்ந்த சராசரி என்பது பெரும்பாலும் அந்தத் தெருக்களில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. அந்தத் தகவலை வீட்டின் விலையே உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதையே மீண்டும் ஒரு முறை பணம் கொடுத்து வாங்குவானேன்?

பிளேனோவுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. சுற்றியுள்ள ஊர்களில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே பள்ளியாக இருக்க, பிளேனோ கல்வி மாவட்டத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகள் ஒரு வளாகத்திலும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் ‘சீனியர் ஹை’ எனப்படும் வேறொரு பெரிய வளாகத்திலும் நடக்கின்றன. உயர்நிலைக் கட்டத்துக்கு மாநிலம் நடத்தும் ஸ்டார் தேர்வுகள் ஐந்து: அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு. இவற்றுள் வரலாறு நீங்கலாக மற்றவை வழக்கமாகப் பத்தாம் வகுப்புக்குள் முடிந்துவிடும். அதாவது, முதல் வளாகத்துக்குத் தேர்வு முடிவுகள் உண்டு, பள்ளிப் படிப்பை முடிப்போரின் பங்கைக் காட்டும் பட்டமளிப்பு விகிதம் கிடையாது. இரண்டாம் வளாகத்துக்குப் பட்டமளிப்பு விகிதம் உண்டு, தேர்வு முடிவுகளில் பெரும்பகுதி கிடையாது. மேலும், கணிதத்தில் முந்திச் செல்லும் பிள்ளைகள் அல்ஜீப்ரா 1 தேர்வை எட்டாம் வகுப்பிலேயே எழுதிவிடுவதால், அந்த நல்ல முடிவுகள் நடுநிலைப் பள்ளியின் கணக்கில் சேர்கின்றன. உயர்நிலைப் பள்ளியின் அல்ஜீப்ரா கணக்கில் எஞ்சியோரே இருப்பார்கள். உங்கள் மகளும் அப்படி முந்திச் செல்பவளானால், அந்த அல்ஜீப்ரா கணக்குக்குள் இருக்கவே மாட்டாள். நீங்கள் பார்த்த 6, எந்த வளாகத்துக்குரியது என்று முதலில் பாருங்கள். அதை ஃபிரிஸ்கோவின் நான்கு வகுப்புப் பள்ளியின் 9உடன் அருகருகே வைத்து ஒப்பிடுவது, அரை இட்லியையும் முழு இட்லியையும் தராசில் வைத்து மாவைக் குறைசொல்வது போன்றது.

இனி “முன்போல் இல்லை” என்ற பேச்சுக்கு வருவோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆயினும் இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கக்கூடும், அதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. டெக்சஸ் கல்வி முகமை பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரவரிசை எழுத்துகளைத் தருகிறது. பெருந்தொற்றால் 2020இலும் 2021இலும் இது வழங்கப்படவில்லை. அதன் பின் முகமை அளவுகோலையே மாற்றியது: கல்லூரி, வேலை, இராணுவப் பணி ஆகியவற்றுக்கு ஆயத்தமான மாணவர்களின் பங்கு 60 விழுக்காடு இருந்தாலே அந்தக் கூறில் ஏ பெற்றிருந்த நிலை போய், 88 விழுக்காடு வேண்டும் என்றானது. கல்வி மாவட்டங்கள் பல நீதிமன்றம் சென்றதால் 2023ஆம் ஆண்டுக்குரிய தரவரிசை 2025இல்தான் வெளியாயிற்று. ஒரு பள்ளியில் ஆசிரியரும் மாறாமல், பாடமும் மாறாமல், பிள்ளைகளும் மாறாமல் இருந்தபோதே அதன் எழுத்து இறங்கியிருக்க இடமுண்டு. காப்பிக் கடையில் நின்று பேசுகிறவர் இந்த 60, 88 கதையைச் சொல்லமாட்டார். “ஏ வாங்கிய பள்ளி பி ஆகிவிட்டது” என்று மட்டும் சொல்வார்.

இதற்கு மேலாக ஊர்களின் வயது என்ற ஒன்றும் இருக்கிறது. டாலஸின் வடக்கே நல்ல பள்ளி என்ற பெயர், புதிய வீடுகளின் பின்னாலேயே நெடுஞ்சாலை வழியாக நகர்ந்துகொண்டு போகிறது. ஒரு காலத்தில் ரிச்சர்ட்சனுக்கு இருந்த பெயர் பிளேனோவுக்கு வந்தது. பிளேனோவிலிருந்து ஃபிரிஸ்கோவுக்குப் போயிற்று. 2000ஆம் ஆண்டில் ஃபிரிஸ்கோவின் மக்கள்தொகை 33,714, 2020இல் 2,00,509. அவ்வளவு வேகமாக இளம் குடும்பங்கள் குடியேறும் ஊரில் பள்ளிகள் புதிதாக இருக்கும், பெற்றோர் உற்சாகமாக இருப்பார்கள், பெயரும் வளரும். பிளேனோவிலோ பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின்னும் பெற்றோர் அதே வீடுகளில் இருப்பதால் மாணவர் எண்ணிக்கை குறைந்து, 2024இல் நான்கு பள்ளிகளை மூட அக்கல்வி மாவட்டம் முடிவெடுத்தது. மூடப்படும் பள்ளி என்றதும் கெட்டுப்போன பள்ளி என்று எண்ணுவது மனித இயல்பு. உண்மையில் அது மக்கள்தொகைக் கணக்கு. இன்று எனக்கு வரும் கடிதங்களில், ஃபிரிஸ்கோவில் இருந்துகொண்டு, இன்னும் வடக்கே உள்ள “பிராஸ்பருக்குப் போகலாமா, செலினாவுக்குப் போகலாமா” என்று கேட்பவையும் உண்டு. உங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டில் அந்த 9 எந்த ஊருக்குப் போயிருக்கும் என்று எவராலும் கூற இயலாது. பள்ளி எல்லைகளும் நிலையானவை அல்ல. புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் அவை மாற்றி வரையப்படும். எல்லையை நம்பி வீடு வாங்கியவர், இரண்டு ஆண்டில் தம் தெரு வேறு பள்ளிக்குப் போனதைக் கண்டு என் அறையில் அமர்ந்து வருந்தியதை நான் மறக்கவில்லை.

நற்பெயர் எதற்காக வந்தது என்பதையும் கேட்க வேண்டும். உங்களுக்கு அருகிலுள்ள ஆலன் நகரின் ஒரே உயர்நிலைப் பள்ளி நாடறிந்தது, காரணம் அமெரிக்கக் கால்பந்து. 18,000 பேர் அமரக்கூடிய விளையாட்டரங்கை ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் கட்டி 2012இல் திறந்தார்கள். காங்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடி, சரிசெய்து 2015இல் மீண்டும் திறந்தார்கள். விரிசல் விட்ட காலத்திலும் அணி மாநிலக் கோப்பையை வென்றது, பெயரும் உயர்ந்தது. அப்பள்ளியில் படிப்பும் நன்றாகவே நடக்கிறது என்பது வேறு செய்தி. ஃபிரிஸ்கோ இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தது: ஒரே பெரிய பள்ளிக்குப் பதிலாக, ஏறத்தாழ 2,100 மாணவர்கள் அளவிலான பல பள்ளிகள்; அணிகளிலும் குழுக்களிலும் அதிகப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். வயோலா வாசிக்கும் பெண்ணைப் பெற்ற உங்களுக்கு ஃபிரிஸ்கோவின் 9ஐக் காட்டிலும் இந்த 2,100 முக்கியமானது என்பேன். அந்த ஊருக்கு ஆதரவாக நான் ஏற்கும் வலுவான வாதமும் இதுவே.

பணக் கணக்குப் பார்ப்பதில் குற்றமில்லை. மாஸசூசட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனின் புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால், பெற்றோர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதல் விலை தருகிறார்கள் என்று அவர் கண்டார். ஒரே தெரு, ஒரே மரநிழல், கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் விலை அதிகம். பெற்றோர் தருகிறார்கள் என்பதை அந்த ஆய்வு காட்டியது. தந்ததற்குத் தக்க கல்வி கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு ஓரளவு விடை தருவது, பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற நுழைவுத் தேர்வுப் பள்ளிகளைப் பற்றி, பின்னாளில் நொபேல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு. நூலிழையில் இடம் பெற்றவர்களையும் நூலிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அந்தப் பள்ளிகளின் பெருமைக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே வந்த பிள்ளைகளே.

வரியைப் பற்றியும் ஒரு சொல். விலை உயர்ந்த வீட்டுக்குக் கட்டும் கூடுதல் பள்ளி வரி, அந்தப் பள்ளிக்கே போய்ச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். டெக்சஸில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்து வளம் மிக்க கல்வி மாவட்டங்கள் தம் வரி வருவாயில் ஒரு பகுதியை மாநிலத்திடம் திருப்பித் தர வேண்டும்; பேச்சு வழக்கில் இதற்கு ‘ராபின் ஹூட்’ என்று பெயர். பிளேனோ அவ்வாறு பெருந்தொகை கட்டிவரும் மாவட்டங்களுள் ஒன்று. உங்கள் 1,80,000 டாலருக்கு இன்றைய வட்டியில் மாதந்தோறும் கட்டவேண்டியதையும், பழைய கடனின் குறைந்த வட்டியை இழப்பதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையில் தனி வயோலா ஆசிரியரையும் கோடைகால முகாமையும் வைத்துக்கொண்ட பின்னும் கல்லூரிக்கென்று கணிசமாக மிஞ்சும். உங்கள் மனைவி இதைத்தான் சொல்ல முயல்கிறார் என்று ஊகிக்கிறேன்.

கல்லூரியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் நிறைவடையாது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, டெக்சஸ் உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்க்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தாமாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு குறைவு. 2026இல் சேர்பவர்களிலிருந்து அது முதல் 5 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. ஒப்பிடப்படுவது அவரவர் பள்ளிக்குள்ளேயே என்பதைக் கவனியுங்கள். தங்கள் பிள்ளையைப் போலவே படிக்கும் பிள்ளைகள் நிறைந்த பள்ளியைத் தேடிச் செல்லும் பெற்றோர், அந்த 5 விழுக்காட்டை எட்டுவதைக் கடினமாக்கவே பணம் செலவிடுகிறார்கள். இதைச் சொல்வதால், பள்ளிக்குள் மாணவர் பெறும் தரவரிசைக்காக எளிதான பள்ளியைத் தேடுங்கள் என்று நான் கூறுவதாக எண்ண வேண்டாம். இடம் கிடைப்பது பல்கலைக்கழகத்தில்தான்; கணினி அறிவியல், பொறியியல், வணிகம் போன்ற துறைகளுக்கு அங்கே மாணவர்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆழமாகப் படிக்காமல் தரவரிசையை மட்டும் பிடித்தவர்கள் அந்தக் கதவருகே நின்றுவிடுகிறார்கள்.

தரவரிசைப் போட்டி மிகுந்த ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்த காலத்தில், செல்லோ வாசித்த ஒரு மாணவன் பத்தாம் வகுப்பில் ஆர்கெஸ்ட்ராவை விட்டான். ஏபி எனப்படும் கல்லூரித் தர வகுப்புகளுக்கு மதிப்பெண் கணக்கில் கிடைக்கும் கூடுதல் எடை இசை வகுப்புக்கு இல்லாததால், இசையில் முழு மதிப்பெண் பெற்றாலும் அவனுடைய ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரி இறங்கும் என்று யாரோ கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கணக்குச் சரியானதுதான். அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டவன் நான். தடுத்துப் பேசியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் மகள் போகப்போகும் பள்ளியில், எந்தப் பள்ளியாயினும், ஆர்கெஸ்ட்ராவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் நீடிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேரும் பன்னிரண்டில் ஆறு பேரும் இருந்தால், அப்பள்ளி தன் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்பது மேடையிலேயே தெரிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியவை. எல்லாவற்றுக்கும் முன்னால் கணிதம். 2023இல் டெக்சஸ் இயற்றிய சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வருபவர்களை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணித வகுப்பில் பள்ளியே சேர்க்க வேண்டும். பெற்றோர் மறுத்தால் மட்டுமே விலக்கு. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் வரை இயல்பாக வந்துவிடலாம். உங்கள் மகள் இந்தப் பாதையில் இருக்கிறாளா என்று இவ்வாரமே கேளுங்கள். வீட்டைவிட இது அவசரம்.

அடுத்து, உங்கள் எல்லைக்குரிய இரு வளாகங்களின் பாடப் பட்டியலையும் எடுத்து, கால்குலஸ் பிசி, இயற்பியல் சி போன்ற ஏபி பாடங்கள் பட்டியலில் இருப்பதோடு இவ்வாண்டு உண்மையில் நடத்தப்படுகின்றனவா என்று கேளுங்கள். அச்சில் இருந்து வகுப்பில் இல்லாத பாடங்கள் பல பள்ளிகளில் உண்டு. கல்வி முகமை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளி அறிக்கையில் ஆசிரியர்களின் சராசரி அனுபவமும், வெவ்வேறு பிரிவு மாணவர்களின் முடிவுகளும் தனித்தனியாக இருக்கும்; மொத்தச் சராசரியைத் தள்ளிவிட்டு அவற்றைப் படியுங்கள். ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். 250 பேருக்கு ஒருவர் என்பது எங்கள் தொழில்சார் சங்கத்தின் பரிந்துரை. 500ஐத் தாண்டினால், உங்கள் மகளின் பெயரை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பிளேனோவுக்குள்ளேயே விண்ணப்பித்துச் சேரும் வழிகளும் உள்ளன: பிளேனோ ஈஸ்ட் பள்ளியில் ஐபி எனப்படும் சர்வதேசப் பாடத்திட்டம், செயல்திட்ட முறையில் கற்பிக்கும் அகாடமி உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றுக்கு வீடு மாற வேண்டியதில்லை.

எப்போது மாறலாம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? மேற்சொன்ன பாடங்கள் உண்மையாகவே நடக்கவில்லை என்றாலோ, பள்ளிக்குள் சென்று பார்க்கும்போது பிள்ளைகள் அச்சத்தோடு நடமாடுவதை நீங்களே கண்டாலோ, மகளே அங்கு போக மனமில்லை என்று காரணத்தோடு சொன்னாலோ, ஃபிரிஸ்கோ பற்றி மீண்டும் யோசியுங்கள். அப்போதும் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. அவளிடம் இதுவரை கேட்டீர்களா என்பதும் கடிதத்தில் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தன் தோழியர் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது, நமக்கு வட்டி விகிதம் போல.

உங்கள் எல்லைக்குரிய பள்ளியின் ஆர்கெஸ்ட்ரா வசந்த காலக் கச்சேரி நடத்தும்போது மூவருமாகப் போய்ப் பின்வரிசையில் அமருங்கள். அடுத்த குளிர்காலத்தில், எட்டாம் வகுப்பின் நடுவில், ஒன்பதாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும். அது வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்த வகுப்பை எடுப்பது, எதை விடுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.